பேண்டேஜ் அரைஞாண்

என் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு நடுவே ஒரு பழைய பேண்டேஜ் துணி சுருண்டு கிடக்கிறது. அழுக்கேறி, ஓரத்தில் நூல் பிரிந்து, மஞ்சள் கறையோடு. "இதப் போயி வெச்சிருக்கியே, தூக்கிப் போடேன்" என்று போகிக்குப் போகி என் வீட்டுக்காரர் சொல்வார். போடுவேனா? என் அண்ணன் இடுப்பில் அரைஞாண் கயிறாக இருந்த துணி அது! பார்க்கும்போதெல்லாம் இன்றைக்கும் எனக்குக் கைதட்டத்தான் தோன்றுகிறது.

அண்ணனுக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. இதை மூடி மறைத்துப் பேசுகிற ஆள் நான் இல்லை. அண்ணி போன பிறகு மூலக்குளத்தில் எங்கள் வீட்டு மாடியிலேயே இருக்கிறார். மாத்திரை நேரம் தப்பாது. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தாலும் எழுந்து போய்ப் போட்டுவிட்டு வந்துதான் பாயசம் குடிப்பார். ரத்தத்தில் கிருமி அடங்கியிருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சொல்லும் நாளெல்லாம் எனக்கு அல்வா வாங்கி வருவார். அப்பேர்ப்பட்ட மனிதருக்கு, மழை ஓய்ந்த சமயத்தில் ஒரு காய்ச்சல் வந்தது. வந்தது போகவே இல்லை. தலைவலி மண்டையைப் பிளக்கிறது என்றார், போர்வைக்குள் கிடுகிடுவென்று நடுங்கினார். டவுனில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இந்த நோய் உள்ளவர்களுக்குக் காரணம் புரியாத காய்ச்சல் என்றால் முதலில் காசநோயைத்தான் தேடுவார்களாம். சளியில் இல்லை, நெஞ்சுப் படத்திலும் இல்லை. மலேரியா இல்லை, டெங்கு இல்லை, டைபாய்டும் இல்லை. காய்ச்சல் மட்டும் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருந்தது. "மாத்திர கைவிட்டுடுச்சி பாப்பா. அந்த நோயி என்னை முடிக்கத்தான் வந்திருக்குது" என்றார் அண்ணன். கஞ்சியை ஒதுக்கினார். பிறகு, இத்தனை வருஷம் ஒரு வேளை தவறாத அந்த மாத்திரையையும் ஒதுக்கினார். காய்ச்சல் விட்டாலும் இந்த எண்ணம் அவரை விடாது என்று தெரிந்துவிட்டது.

அந்த வார்டு டாக்டரம்மாவை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ஆள் குள்ளம், குரல் மட்டும் வைத்திக்குப்பத்தில் மீன் ஏலம் விடுகிற குரல். "காய்ச்சல் சும்மா வராதும்மா. எங்கியாவது கால் வெச்சுத்தான் உள்ள நொழஞ்சிருக்கும்" என்பார். அன்று காலை ரிப்போர்ட் எதையும் புரட்டாமல் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "உங்க நோயக் கொஞ்சம் ஓரமா வைங்க. காய்ச்சலுக்கு முன்னாடி என்னா வேல செஞ்சிக்கினு இருந்தீங்க?" அண்ணன் சுவரைப் பார்த்தபடி, "ஒண்ணும் இல்ல" என்றார். எனக்குப் பொறுக்குமா? "ஒண்ணும் இல்லியா? வில்லியனூர் பக்கம் நம்ம கொல்லமேட்டுல குனிஞ்ச தல நிமிராம புதர் வெட்டினது யாரு, நானா?" என்றேன்.

டாக்டரம்மா விருட்டென்று எழுந்தார். காதுக்குப் பின்னால், கழுத்து, அக்குள் என்று டார்ச் அடித்துத் தேட ஆரம்பித்தார். நகை தொலைத்தவர்கூட அப்படித் தேட மாட்டார். இடுப்புக்கு வந்ததும் டார்ச் நின்றது. இறுக்கமான கறுப்புக் கயிறு, அதற்கடியில் அப்பிய மஞ்சள். "அது கயிறு அறுத்த புண்ணு. நான்தான் மஞ்ச பூசினேன்" என்றார் அண்ணன். முன்பும் அதைத்தான் சொல்லியிருந்தார், எல்லோரும் நம்பியிருந்தோம். "நானும்தான் பாத்துட்டு விட்டுட்டேன்" என்று டாக்டரம்மா தன் தலையில் தட்டிக்கொண்டார். கயிற்றை மேலே தள்ளினால் நகரவில்லை, முடிச்சும் அவிழவில்லை. கத்திரிக்கோல் கேட்டார். அவ்வளவுதான், அண்ணன் இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். எங்கள் பக்கத்தில் புதுக் கயிறு கட்டிய பிறகுதான் பழசை அறுப்பார்கள். ஆண்பிள்ளை இடுப்பு ஒரு நொடிகூட வெறுமையாக இருக்கக்கூடாது. வெறுமனே அறுப்பது பிணத்துக்குத்தான். "செத்தப்புறம் அறுங்க" என்றார். எனக்கு வந்ததே கோபம்! கத்திரியைப் பிடுங்கினேன். "செத்தப்புறம் அறுக்கறத இப்பவே அறுக்கறேன். நீ உசுரோட கெட!" வெட்டியே விட்டேன்.

டாக்டரம்மா பஞ்சை நனைத்து மஞ்சளைத் துடைத்தார். பீடியால் சுட்டது போல ஒரு கறுத்த பொருக்கு, சுற்றிலும் சிவந்த வளையம். "கெடச்சிடுச்சி!" பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். புதரில் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி கடித்து வருகிற காய்ச்சலாம், ஸ்கிரப் டைபஸ் என்று பேராம். ரத்தப் பரிசோதனையும் பிறகு அதையே சொன்னது. அண்ணன் மெதுவாகக் கேட்டார்: "அப்ப, இது அந்த நோயால வரலியா?"

"இல்ல சார். உங்க கிருமி அடங்கித்தான் கெடக்குது. மழைக்கப்புறம் புதர் வெட்டற யாருக்கும் இது வரும். உங்க தங்கச்சி வெட்டியிருந்தா அவங்களுக்கு வந்திருக்கும்."

அண்ணன் என்னைப் பார்த்தார். காய்ச்சலில் காய்ந்த உதட்டோடு சிரித்தார் பாருங்கள்! "எல்லாருக்கும் வர்ற காய்ச்சல் பாப்பா! எனக்கு எல்லாருக்கும் வர்ற காய்ச்சல் வந்திருக்குது!" நான் சிரித்தேனா அழுதேனா, தெரியவில்லை. அடுத்த நொடியே அவருக்கு முகம் சுருங்கியது. "இடுப்பு வெறுமையா கெடக்குதே." டாக்டரம்மா பேண்டேஜ் சுருளிலிருந்து நீளமாக ஒரு துண்டு கிழித்துத் திரித்து, புண்ணில் படாமல் மேலே தானே கட்டிவிட்டார். அதன் பிறகுதான் அண்ணன் கை நீட்டினார். இந்தக் காய்ச்சலுக்கான புது மாத்திரையையும் வாங்கிக்கொண்டார், ஒதுக்கி வைத்த பழைய மாத்திரையையும் கேட்டு வாங்கிக்கொண்டார். இரண்டே நாளில் வேர்த்துக் கொட்டி, காய்ச்சல் இறங்கி, "இட்லிக்கு வடகறி இல்லியா?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தார்.

பொங்கலன்று புதுக் கயிறு கட்டிய பிறகே அந்தத் துணியை அறுக்க விட்டார். டாக்டரம்மா இப்போது வேறு ஊரில் இருக்கிறார். அண்ணன் கொல்லைமேட்டுக்குப் போகாமல் இல்லை. முழுக்கைச் சட்டை போட்டுப் போய், வந்ததும் தேய்த்துக் குளிக்கிறார். போன வாரம் எங்கள் தெரு முழுக்க ஜலதோஷம். மாடியிலிருந்து ஒரு தும்மல், பின்னாலேயே லாட்டரி விழுந்தவர் மாதிரி ஒரு கத்தல்: "பாப்பா, எனக்கும் வந்துடுச்சி!" நான் பீரோவைத் திறந்து அந்தத் துணியை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு, அவருக்கு மிளகு ரசம் வைக்கப் போனேன்.