டூ-இன்-ஒன்னில் ஒரு திருகாணி

நான் கேட்டது டைப்ரைட்டர். வந்தது கம்ப்யூட்டர். இப்போது சொன்னால் எல்லாரும் சிரிக்கிறார்கள். எண்பதுகளின் நடுவில், தாராவியில் ஒற்றை அறை வீட்டின் நடுவே உட்கார்ந்து அந்த அட்டைப் பெட்டியைப் பிரித்தபோது எனக்கு அழுகைதான் வந்தது.

என் வீட்டுக்காரர் அப்போது வளைகுடாவில் கட்டட வேலையில் இருந்தார். நானும் என் மாமியாரும் இங்கே. அவரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். மாட்டுங்கா ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு ஜாப் டைப்பிங் கடையில் எனக்கு வேலை. கடைக்கு வரும் மனுக்களையும் ஒப்பந்தங்களையும் அடித்துக் கொடுக்க வேண்டும். சொந்தமாக ஒரு மிஷின் இருந்தால் ரயிலில் நசுங்காமல் வீட்டிலேயே உட்கார்ந்து அடிக்கலாமே என்று ஆசை. அதைக் கேசட்டில் பேசி அவருக்கு அனுப்பியிருந்தேன்.

எங்களுக்குள் கடிதமே கிடையாது. அவர் படித்தது பம்பாயில் முனிசிபல் ஹிந்திப் பள்ளிக்கூடத்தில். நெல்லைத் தமிழ் பேசுவார், ஒரு வரி எழுத வராது. போன் யாரிடமும் இல்லை. அதனால் அவர் அங்கே ஒரு டேப் ரிக்கார்டரில் பேசி, லீவில் வரும் யார் கையிலாவது கேசட்டைக் கொடுத்துவிடுவார். நான் எங்கள் வீட்டு டூ-இன்-ஒன்னில், அதாவது ரேடியோவும் டேப்பும் சேர்ந்த பெட்டியில், போட்டுக் கேட்பேன். பதில் பேசி, திரும்பிப் போகிறவர் கையில் கொடுப்பேன். அவர் இருக்கிறாரா, சாப்பிட்டாரா, சிரிக்கிறாரா என்று தெரிந்துகொள்ள எனக்கு அந்தப் பழுப்பு நாடாவைத் தவிர வேறு வழி இல்லை.

அவர் அங்கே கடைக்குப் போய் டைப்ரைட்டர் கேட்டிருக்கிறார். கடைக்காரன், "டைப்ரைட்டரை யார் இப்போ வாங்குறா, இதுல அடிச்சா டிவியிலேயே எழுத்து வரும்" என்று இதைத் தலையில் கட்டிவிட்டான். கொண்டுவர ஆள் கிடைத்து அது இங்கே வந்து சேரப் பல மாசம் ஆயிற்று. ஒரு பெரிய நோட்டுப் புத்தகம் அளவுக்குக் கறுப்புப் பெட்டி. அழிரப்பர் மாதிரி மெத்தென்ற பொத்தான்கள். பேப்பர் சொருக இடமே இல்லை. அத்தை அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"ஏளா, பேப்பர் எங்ஙன கூடி வரும்?"

"வராது அத்தை."

"பொறவு இது என்னத்துக்கு?"

எனக்கும் தெரியவில்லை. ஆனால் எனக்கு ஒரு குணம். ஒரு சாமான் என்ன செய்யும் என்று தெரியாமல் வீட்டில் வைத்திருக்க முடியாது. கூட வந்த ஆங்கிலப் புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு படித்தேன். வீட்டு டிவியில் ஆன்டெனா குத்தும் இடத்தில் இதன் வயரைக் குத்தி, சேனலைத் திருகிக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் திரை வெளுத்து, கீழே ஒரு சின்னக் கட்டம் மினுக்கியது. நான் என்னவோ அடித்தேன். தப்பு என்று ஆங்கிலத்தில் பதில் வந்தது. திரும்ப அடித்தேன். திரும்பவும் தப்பு என்றது. எத்தனையோ வருஷம் டைப் அடித்திருக்கிறேன், ஒரு மிஷின் என்னைப் பார்த்துத் தப்பு என்று சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது.

புத்தகத்தில் சொல்லியிருந்தபடி இரண்டே வரிக் கட்டளை அடித்தேன். அவர் பெயர் திரை முழுக்கக் கீழே கீழே வந்துகொண்டே இருந்தது. அத்தை அரிசி புடைத்துக்கொண்டிருந்த சுளகைக் கீழே வைத்துவிட்டார். "எம் புள்ள பேரு டிவில வருதே" என்று பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட ஓடினார். அவள் வருவதற்குள் கரண்ட் போய்விட்டது. கரண்ட் வந்தபோது மிஷினுக்கு எதுவுமே நினைவில்லை.

அப்போதைய வீட்டுக் கம்ப்யூட்டர்கள் பலவும் அப்படித்தான். அணைத்தால் எல்லாம் போச்சு. காப்பாற்றி வைக்க வேண்டுமென்றால் டேப் ரிக்கார்டரில் பதிய வேண்டும். சீமையில் இருந்தவர்களும் இதைப் போலத்தான் பாட்டுக் கேட்கிற பெட்டியைக் கம்ப்யூட்டரோடு வயரில் கட்டிவைத்துப் பிழைத்தார்கள் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். பெட்டியோடு ஒரு கேசட்டும் வந்திருந்தது. கடிதம் எழுத உதவும் ப்ரோகிராம் அதில் இருப்பதாக மேலே அச்சடித்திருந்தது. சும்மா போட்டுக் கேட்டேன். கத்தியைச் சாணை பிடிக்கிற சத்தம். அத்தை காதைப் பொத்திக்கொண்டார். எனக்கோ ஆச்சரியம் தாங்கவில்லை. இதே நாடாவில்தானே அவர் பேசுகிறார்? அவர் "நல்லா இருக்கேன்" என்பதும் இந்தக் கீச்சும் ஒரே மாதிரிதானே பதிந்திருக்கும்? மிஷின் மட்டும் இதைக் கேட்டு எழுத்தாகப் புரிந்துகொள்கிறதே, எப்படி? கடையில் மனு அடிக்கும்போதுகூட அதே யோசனை.

புரிந்துகொள்கிறது என்று புத்தகம் சொன்னதே தவிர, எங்கள் வீட்டில் அது புரிந்துகொள்ளவே இல்லை. கேசட் ஓடும், திரையின் ஓரத்தில் கறுப்பு வெள்ளைக் கோடுகள் ஓடும், கடைசியில் தப்பு என்று வரும். சத்தத்தைக் கூட்டிப் பார்த்தேன், குறைத்துப் பார்த்தேன். ஹெட்டைத் துணியால் துடைத்தேன். ஹெட் என்பது கேசட் நாடா உரசிப் போகும் அந்தச் சின்ன உலோகக் கட்டி. அது நாடாவுக்குச் சரியாக நிமிர்ந்து நிற்காவிட்டாலும் இப்படி ஆகும் என்று புத்தகத்தின் கடைசியில் ஒரு வரி கண்ணில் பட்டது.

டூ-இன்-ஒன்னின் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். ஹெட்டுக்குப் பக்கத்தில், ஒரு குட்டி ஸ்பிரிங்கின் மேல், கம்மல் திருகாணி அளவுக்கு ஒரு திருகாணி. தையல் மிஷினின் சின்ன ஸ்க்ரூ டிரைவர் அதற்குப் பொருந்தியது. கேசட்டை ஓடவிட்டுக்கொண்டே மெல்லத் திருப்பினேன். கீச்சுச் சத்தம் மங்கியது. மறுபக்கம் திருப்பினேன். கூர்மையாகி, பல் கூசும் அளவுக்கு வந்தது. அந்த இடத்தில் நிறுத்திவிட்டு ப்ரோகிராமைப் போட்டேன். ஏறிவிட்டது. டிவியில் வெள்ளைத் தாள் மாதிரி ஒரு திரை விரிந்தது. தலைகால் புரியாத சந்தோஷம். ஒரு முழு விடுமுறை விண்ணப்பத்தை அடித்து அத்தைக்கு வாசித்துக் காட்டினேன்.

"எல்லாம் சரி, பேப்பர்?" என்றார் அத்தை.

அதற்குப் பிறகு டூ-இன்-ஒன்னில் நாங்கள் கேட்டதெல்லாம் ரேடியோ மட்டும்தான். டேப்பைக் கம்ப்யூட்டருக்கென்று கட்டிப் போட்டாயிற்று.

இந்த நேரத்தில்தான் அவரிடமிருந்து கேசட் வந்தது. வயரைக் கழற்றிவிட்டு ஆசையாகப் போட்டேன். குரல் அவருடையதுதான், ஆனால் போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல இருந்தது. வார்த்தைகள் எல்லாம் வழக்கம் போலச் சிரிப்பும் கேலியுமாக இருந்தன. "எனக்கென்ன, நல்லா இருக்கேன். கான்ட்ராக்ட் முடியப் போவுது. இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுரட்டா? நீ சொன்னா போட்டுருதேன்."

உள்ளதைச் சொன்னால், சரி என்று சொல்லத்தான் இருந்தேன். செம்பூர்ப் பக்கம் ஒரு அறை பார்த்து வைத்திருந்தோம். இன்னும் இரண்டு வருஷம் அவர் அங்கே இருந்தால் அது எங்களுடையது. ஊரில் உள்ளவர்களும் அதைத்தான் சொன்னார்கள். ஆனால் அந்தக் குரலைக் கேட்டபின் வாயில் சரி என்ற சொல் வரவில்லை.

"சளி புடிச்சிருக்கும். அங்ஙன எல்லாம் ஏசி ரூமுல்லா" என்றார் அத்தை.

"சளின்னா மூக்குலதான இருக்கும்? இது ஆளே தேஞ்சு போன மாதிரிலா இருக்கு."

டேப்பில் கோளாறோ என்ற சந்தேகம் வரத்தான் செய்தது. ரேடியோவைப் போட்டுப் பார்த்தேன். செய்தி வாசிப்பவர் கணீரென்று வாசித்தார். ஆகப் பெட்டி சரி, ஆள்தான் சரியில்லை என்று முடிவு கட்டிவிட்டேன். ரேடியோவுக்கும் அந்த ஹெட்டுக்கும் சம்பந்தமே கிடையாது என்பது அன்றைக்கு என் மண்டையில் ஏறவில்லை. மாஹிமில் இருக்கும் ஒருவர் வளைகுடாவுக்குத் திரும்பிப் போகிறார் என்று தெரிந்ததும் உட்கார்ந்து பேசினேன். "கையெழுத்தெல்லாம் போடாண்டாம். ஒங்க கொரலே சரியில்ல. என்னத்தையோ மறைக்கிய. எம்மேல ஆணையா உள்ளதச் சொல்லுங்க." பேசும்போதே அழுகை வந்துவிட்டது. அதையும் அழிக்காமல் அப்படியே கொடுத்தனுப்பினேன்.

கேசட் போய்ச் சேர்ந்திருக்கும் சமயம், ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வந்த அத்தை தன் கீர்த்தனைக் கேசட்டைப் போட்டார். பாட்டு மொத்தமும் போர்வைக்குள்ளிருந்து வந்தது.

"எம்மா, பாட்டுக்காரனுக்குமா சளி புடிச்சிருக்கு?" என்றார்.

கையில் மாவோடு அப்படியே நின்றுவிட்டேன். ஸ்க்ரூ டிரைவரை எடுத்துத் திருகாணியைப் பழைய இடத்துக்குத் திருப்பினேன். பாடகரின் சளி போய்விட்டது. என் வீட்டுக்காரருடைய கேசட்டைப் போட்டேன். போர்வை விலகிவிட்டது. வெயிலில் நின்று பேசுவது போலத் தெளிவாக, சிரித்துக்கொண்டு, நல்லா இருக்கேன் என்றார். எனக்கு ஒரு பக்கம் நிம்மதி, மறுபக்கம் வெட்கம் பிடுங்கித் தின்றது. அங்கே அந்த மனுஷன் என் ஒப்பாரியைக் கேட்டு என்ன பாடு படுகிறாரோ? அடுத்த கேசட்டில் சிரித்துச் சமாளித்துக்கொள்ளலாம் என்று ஆள் தேடிக்கொண்டிருந்தேன்.

அதற்குள் அவருடைய பதில் வந்துவிட்டது. போட்டேன். மெதுவாகச் சொன்னார்.

"நீ கண்டுபிடிச்சிட்ட பிள்ள. சாரத்துலேருந்து விழுந்துட்டேன். காலு ஒடஞ்சி கம்பி வச்சிருக்கான். ஆச்சு கொஞ்ச மாசம். கேம்ப்ல படுத்துத்தான் கெடக்கேன். ஒங்கிட்டச் சொல்லாண்டாம்னு எல்லார்ட்டயும் சொல்லி வச்சிருந்தேன். எந்திரிச்சி நின்னு காமிச்சாத்தான் அடுத்த கான்ட்ராக்ட் தருவான். கையெழுத்துப் போட்டுட்டு எப்படியும் சாரத்துல ஏறிரலாம்னு பாத்தேன். சிரிச்சிச் சிரிச்சித்தான பேசுனேன், எப்படிக் கண்டுபிடிச்ச?"

அத்தை மாரில் அடித்துக்கொண்டு அழுதார். நான் அழவில்லை. வாங்க என்று மட்டும் பேசி அனுப்பினேன். "அறையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். ரெண்டு காலோட வந்தா வாங்க, ஒத்தக் காலோட வந்தாலும் வாங்க."

வந்தார். இடது காலைச் சற்று இழுத்துத்தான் நடந்தார், ஆனாலும் நடந்தார். எங்கள் தொண்ணூறடி ரோட்டில் பார்க்கிறவர்களிடமெல்லாம் ஒரே கதைதான். "ஆயிரம் மைலுக்கு அந்தாண்ட இருக்கேன், கொரல வச்சே கண்டுபிடிச்சிட்டா!" கறி வாங்கப் போனால் கடைக்காரர்கூட என்னை மரியாதையாகப் பார்த்தார். எத்தனை நாள் பொறுப்பது? செய்யாத காரியத்துக்குப் பாராட்டு வாங்குவது எனக்கு ஆகாது. ஒருநாள் அவரை உட்கார வைத்து, அந்தக் கேசட்டைப் போட்டு, டூ-இன்-ஒன்னைத் திறந்து ஸ்க்ரூ டிரைவரை வைத்துத் திருப்பிக் காட்டினேன். குரல் மங்கியது. திருப்பினேன், தெளிந்தது.

"இதான் சங்கதி. நான் ஒண்ணையும் கண்டுபிடிக்கல."

கேசட் தெளிவாக ஓடிக்கொண்டிருந்தது. "இப்பதான் வேலைக்கிப் போய்ட்டு நடந்து வந்தேன்" என்று அதில் அவர் சொல்லும் இடத்தில், பின்னாலே மெலிதாகக் கிரீச் என்று ஒரு சத்தம் கேட்டது.

"என்ன சத்தம் இது?"

"இரும்புக் கட்டிலு. காலத் தூக்கி வைக்கயில எல்லாம் அப்படித்தான் கத்தும்."

அதற்கு முந்திய கேசட்டை எடுத்துப் போட்டேன். கிரீச். அதற்கும் முந்தியதைப் போட்டேன். அதிலும் கிரீச். திருகாணியை நான் தொடுவதற்கு முன்னால் வந்த கேசட்டுகள் அவை. தெளிவாகக் கேட்டவை. சமைக்கும்போதும் துணி மடிக்கும்போதும் மனப்பாடம் ஆகும்வரை போட்டுப் போட்டுக் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அந்தக் கட்டில் கத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறது. நான் அவர் சொன்ன வார்த்தையை மட்டும் கேட்டுவிட்டு, நல்லா இருக்கார் என்று நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்.

அன்றைக்கு அடக்கிவைத்த அழுகை எல்லாம் அப்போது வந்தது. அவர் என் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை வாங்கி, திருகாணியை மறுபடி கோணலாகத் திருப்பினார். கட்டில் சத்தம் நின்றுபோனது. குரல் போர்வைக்குள் போனது. கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு,

"இப்படி இருந்தப்பதான் பிள்ள ஒனக்கு என்னைய நல்லாக் கேட்டிருக்கு" என்றார்.