தாயைக் காட்டிக் குட்டி கொடுத்த நல்லம்மாள்

தீவன மூட்டை இறக்க வந்த லாரி டிரைவர்தான் சொன்னார். பனமரத்துப்பட்டி நல்லம்மாள் அக்கா முந்தின நாள் சாயங்காலம் தவறிவிட்டாராம். நெஞ்சு வலிக்கிறது என்று சேலத்துக்குக் காரில் கூட்டிப் போயிருக்கிறார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. சொல்லிவிட்டு டிரைவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எங்க ஊட்டு மணி அவங்க குடுத்த குட்டிதானுங்க" என்றார்.

அவர் எங்கள் கோழிப் பண்ணைக்குப் பல வருடமாகத் தீவனம் கொண்டுவருகிறவர். என் பண்ணையில் நாய் குட்டி போட்டிருக்கிறதா இல்லையா என்பது வரைக்கும் தெரிந்தவர். அவரும் நாய் வேண்டும் என்றதும் நாமக்கல்லிலிருந்து பனமரத்துப்பட்டிக்குத்தான் போயிருக்கிறார். அந்தச் செய்தியைக் கேட்ட நிமிடத்தில் துக்கத்துக்கு முன்னால் எனக்கு வந்தது எரிச்சல். அதை மறைத்துவிட்டு நான் எழுதினால் அக்காவை அறிந்த உங்களில் பாதிப் பேர் சிரிப்பீர்கள். நாங்கள் இரண்டு பேரும் நாய் வளர்த்த காலம் முழுக்க நான் அவர் மீது பொறாமைப்பட்டவன் என்பது சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் தெரியும். அவருக்கும் தெரியும்.

எடுக்கிற அன்று தோட்டத்தில் நிற்க இடமில்லை. உறவு சனம் ஒரு பக்கம் இருந்தது. இன்னொரு பக்கம் நின்றவர்கள் யாரும் யாருக்கும் உறவில்லை. செவ்வாய்ப்பேட்டை மண்டிக்காரர் ஒருவர், வாழப்பாடி விவசாயிகள் சிலர், பள்ளிக்கூட ஆசிரியை ஒருவர், டீக்கடைக்காரர் ஒருவர். ஒருவருக்கொருவர் அறிமுகம் செய்துகொண்ட விதம்தான் விசேஷம். "நான் ராணி ஊட்டுக்காரனுங்க." "நாங்க பைரவன் ஊடுங்க." எல்லாம் அக்கா கொடுத்த குட்டிகளின் பெயர்கள். நான் வேப்பமரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என்னிடம் குட்டி வாங்கியவர்களும் உண்டு, குறைவில்லை. எனக்கு ஒன்று ஆனால் அவர்களில் எத்தனை பேர் பஸ் ஏறி வருவார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். நல்ல எண்ணிக்கை வரவில்லை.

நாங்கள் இருவரும் ஒரே நாளில் தொடங்கியவர்கள். அதுதான் என் மனதை அதிகம் அரித்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் பண்ணை போட்டபோது எனக்குக் கீரி, நரி, திருடன் என்று மூன்று தொல்லை. நல்லம்மாள் அக்காவின் கணவர் பழனியப்பன் லாரி வைத்திருந்தார், என் நண்பர். தெற்கே சரக்கு ஏற்றிப் போனவரிடம் ராஜபாளையம் குட்டி ஒன்று கொண்டுவரச் சொன்னேன். அவர் ஒரே கூடையில் இரண்டு கொண்டுவந்தார், வெவ்வேறு தாய்க்குப் பிறந்தவை. ஆண் குட்டி எனக்கு. பெண் குட்டி அவர் வீட்டுக்கு. என்னுடையதற்கு வீரன் என்று பெயர் வைத்தேன். அக்கா வைத்த பெயர் வெள்ளையம்மா. பால் வெள்ளை உடம்பு, ரோஜா நிற மூக்கு. இரண்டும் வளர்ந்தபின் சேர்த்துவிட்டோம். முதல் ஈத்துக் குட்டிகளைப் பார்க்கச் சேலத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். எல்லோரும் வெள்ளையம்மா குட்டி என்றார்கள். வீரன் குட்டி என்று ஒருவரும் சொன்னதில்லை.

அவரிடம் குட்டி வாங்குவது லேசில்லை. வந்தவரைக் கயிற்றுக் கட்டிலில் உட்கார வைத்து மோர் கொடுப்பார். பிறகு கேள்வி தொடங்கும். வீட்டில் பகலில் யார் இருப்பார்கள், சங்கிலியில் எவ்வளவு நேரம் கிடக்கும், மூன்று வருடம் கழித்து ஊர் மாறினால் நாயை என்ன செய்வீர்கள். அப்புறம் தாயைக் கூட்டிவந்து முன்னால் நிறுத்துவார். தாய் வந்தவரை மோந்து பார்க்கும், அதை எப்படித் தொடுகிறார் என்று இவர் வந்தவரின் கையைப் பார்ப்பார். ஒருமுறை சேலத்து ஜவுளிக்காரர் ஒருவர் மகள் கல்யாணத்துக்குச் சீராகக் குட்டி கேட்டு வந்தார். அக்கா தரவில்லை. "கல்யாணம் முடிஞ்சு ஆறு மாசம் போகட்டுங்க. பொண்ணும் மாப்பிள்ளையும் சேந்து வந்து கேக்கட்டும், தாரேன்" என்று அனுப்பிவிட்டார். அவர் நேராக என்னிடம் வந்தார். நானும் தரவில்லை. ஆனால் அக்கா மறுத்த கதைதான் ஊரெல்லாம் சுற்றியது.

இரண்டாம் ஈத்தில்தான் பிரச்சினை வந்தது. வெள்ளை நாய்களில் சில காது கேளாமல் பிறக்கும். கூட்டமாக இருக்கும்போது தெரியாது. மற்றக் குட்டிகள் ஓடினால் அதுவும் ஓடும், அவை திரும்பினால் அதுவும் திரும்பும். ஒவ்வொன்றையும் தனியே விட்டு, அது வேறு பக்கம் பார்க்கும்போது பின்னாலிருந்து ஓசை எழுப்பிப் பார்க்க வேண்டும். அக்கா பித்தளை டம்ளரைக் கரண்டியால் தட்டினார். இரண்டு குட்டிகள் காதை அசைக்கவில்லை. மறுநாள் எனக்கு ஆள் அனுப்பினார். போனேன். அவர் என் எதிரில் மறுபடியும் தட்டிக் காட்டிவிட்டு, "உங்க வீரனும் எங்க வெள்ளையம்மாளும் இனிமே சேரக் கூடாதுங்க. வேற எதோடயும் வேண்டாம். இதோட நிறுத்திக்கலாம்" என்றார்.

அந்த நேரத்தில் வீரனின் குட்டிக்காக என்னிடம் காத்திருந்தவர்கள் பலர். நானும் நிறுத்தினேன். அன்றைக்கே நிறுத்தினேன். ஆனால் அக்கா அதோடு விடவில்லை. முதல் ஈத்துக் குட்டிகள் போன வீடு ஒவ்வொன்றுக்கும் பஸ்ஸில் போய், "என்ற நாய்ல இந்தக் குறை இருக்குது. உங்க நாயை ஈத்துக்கு விடாதீங்க" என்று சொல்லி வாக்கு வாங்கிக்கொண்டு வந்தார். தன் சரக்கைத் தானே குறை சொல்லித் திரிந்த வியாபாரியை அதுவரைக்கும் யாரும் பார்த்ததில்லை. அவர் பேர் கெட்டுவிடும் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், கொஞ்சம் எதிர்பார்த்தேன். நடந்தது வேறு. இரண்டு பேரும் குறையில்லாத வேறு வம்சத்து நாய்களைக் கொண்டுவந்து வளர்த்தோம். அதற்குப் பிறகுதான் அவரிடம் குட்டி கேட்டு வருகிறவர்கள் பெருகினார்கள். காது கேளாத இரண்டையும் அவர் யாருக்கும் கொடுக்காமல் தன்னிடமே வைத்துக்கொண்டார். கிட்டே போகுமுன் தரையில் காலை ஊன்றி மிதிப்பார். அதிர்வு பட்டதும் அவை திரும்பிப் பார்த்து வாலாட்டும்.

சில வருடம் கழித்து, எண்பதுகளின் தொடக்கத்தில், வாழப்பாடி விவசாயி ஒருவர் வெள்ளை நாய் ஒன்றை ஜீப்பில் கட்டி என் பண்ணைக்குக் கொண்டுவந்தார். தூங்கிக்கொண்டிருந்த நாயை அவர் மகள் தொட்டிருக்கிறாள், கையைக் கடித்துவிட்டது. பிள்ளைக்கு ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். நாயை அடித்துக் கொல்லச் சொல்லி வீட்டில் ஒரே சண்டை. வெறியா என்று என்னிடம் கேட்டார். கட்டிவைத்துக் கவனியுங்கள், வெறி என்றால் சில நாளில் தெரிந்துவிடும் என்றேன். அது சரியான பதில்தான். ஆனால் உள்ளேயிருந்து வந்த என் மனைவி, "எதுக்கும் அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்களேன்" என்றாள். என் வீட்டிலேயே இப்படி. வேறு வழியில்லாமல் நானும் ஜீப்பில் ஏறினேன்.

அக்கா நாயைத் தூரத்தில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பின்பக்கமாகப் போய் டம்ளரைத் தட்டினார். அது திரும்பவே இல்லை. "இதுக்கு வெறியில்லீங்க. காது கேக்கலை. தூக்கத்துல தொட்டா பயந்துதான் கடிக்கும்" என்றார். எனக்கும் அந்தச் சோதனை தெரியும். அந்த நாயை நான் அரை நாள் பார்த்தும் அது எனக்குத் தோன்றவில்லை. எங்கே வாங்கினீர்கள் என்று அக்கா கேட்டார். ஆத்தூர் ரோட்டில், அயோத்தியாப்பட்டணத்தைத் தாண்டி ஒருவரிடம் என்றார் விவசாயி. தாயைப் பார்த்தீர்களா என்றார். இல்லை, கூடையில் போட்டு வாசலுக்கே கொண்டுவந்து காட்டினார்கள் என்று பதில் வந்தது. நாயை அக்கா தன்னிடமே விட்டுப்போகச் சொல்லிவிட்டார்.

அந்த ஆத்தூர் ரோட்டுக்காரரின் பெயர் இங்கே வேண்டாம். எப்போது போனாலும் அவரிடம் குட்டி கிடைக்கும். எந்த ஜாதி கேட்டாலும் கிடைக்கும். அக்கா மறுநாளே போய், குட்டி வாங்க வந்தவர் போலத் தாயைக் காட்டச் சொல்லியிருக்கிறார். முதலில் மழுப்பியவர், பின்னால் தகரக் கொட்டகைக்குக் கூட்டிப்போயிருக்கிறார். அங்கே எலும்பும் தோலுமாக, மடி தொங்க ஒரு வெள்ளை நாய் கிடந்தது. நெற்றியில் இருந்த மங்கலான மஞ்சள் திட்டை வைத்து அக்கா அதை அடையாளம் கண்டார். வெள்ளையம்மாளின் முதல் ஈத்துக் குட்டி. சேலத்தில் அதை வாங்கிய குடும்பம் ஊர் மாறிப் போகும்போது யாருக்கோ கொடுத்திருக்கிறது. அது கை மாறிக் கை மாறி இங்கே வந்து, ஓய்வில்லாமல் ஈத்துக்கு ஈத்து குட்டி போட்டுக்கொண்டிருந்தது. திருப்பிக் கொடுங்கள் என்று அக்கா கேட்டார். அவர் சிரித்துவிட்டு, குட்டி வேண்டுமென்றால் எடுத்துக்கொண்டு போங்கள் என்றாராம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா அந்தக் கொட்டகைக்கு எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்தார். கையில் பித்தளை டம்ளரும் கரண்டியும். குட்டியோடு வெளியே வருகிறவரை நிறுத்தி, தாயைப் பார்த்தீர்களா என்று கேட்பார். பிறகு குட்டியைத் தனியே கீழே விடச் சொல்லிப் பின்னால் தட்டிக் காட்டுவார். அந்த ஆளைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. காது கேட்காத குட்டியோடு ஒருவர் திரும்ப உள்ளே போனால், உள்ளே சத்தம் கேட்கும். அக்கா டீ குடிப்பார்.

பழனியப்பன் என்னிடம் வந்து, நீங்களாவது சொல்லுங்கள், கேட்கமாட்டேன் என்கிறாள் என்று புலம்பினார். சொல்லிப் பார்க்கத்தான் போனேன். பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, இது உங்களுக்கு எதற்கு என்றேன். "என்ற ஊட்டுல பொறந்ததுங்க அது. போன எடத்துல என்ன ஆச்சுன்னு ஒரு வருசம் பாக்காம விட்டுட்டேன். அதுக்குத்தான்" என்றார். அது வீரனுக்கும் மகள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவருக்கு அது முதல் நாளே தெரியும். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா நீங்களும் வந்து உக்காந்துக்குவீங்க. உங்களுக்குப் பண்ணை வேலை கெடக்குதல்ல" என்றார். நான் எழுந்திருக்கவில்லை. அடுத்த ஞாயிறும் போனேன். வந்தவர்களெல்லாம் அக்காவைப் பேர் சொல்லி வணங்கிவிட்டு, "இவரு யாருங்க?" என்று என்னைக் கேட்டார்கள்.

ஆத்தூர் ரோட்டுக்காரர் தன் மைத்துனனை விட்டு டீக்கடைக்காரரை மிரட்டிப் பார்த்தார். ஞாயிறு வியாபாரம் ஏறியிருந்ததால் டீக்கடைக்காரர் மசியவில்லை. கடைசியில் அவரே ஒரு நாள் அந்த வெள்ளை நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடந்து வந்தார். "அம்மா, இத நீங்களே வச்சுக்கங்க. இந்தக் கடைய விட்டு எழுந்துபோங்க" என்றார். அக்கா கயிற்றை வாங்கிக்கொண்டு, "நாய் வந்துருச்சு, நான் எந்திரிக்கிறேன். உங்ககிட்ட வாங்க வாரவங்களுக்கு இனித் தாயைக் காட்டுங்க. காட்டற மாதிரித் தாயை வெய்யுங்க" என்றார். அவர் ரோட்டைக் கடந்து திரும்பிப் போனார். ஒரு வருடத்துக்குள் கொட்டகையைப் பிரித்துவிட்டு லாரிக்கு டயர் விற்கப் போய்விட்டார். அந்த நாய் அக்காவிடம் மூன்று வருடம் இருந்தது. அங்கே வந்த பிறகு அது குட்டியே போடவில்லை. நான் போகும்போதெல்லாம் என்னைப் பார்த்து உறுமும். அவர் காலடியிலேயே தலையை வைத்துப் படுத்துக்கொள்ளும்.

அக்காவிடம் குறை இல்லாமல் இல்லை. நாக்கு தேள் கொடுக்கு. நான் ஆசையாக வளர்த்த அல்சேஷனைப் பார்த்து, "இந்த வெயிலுக்குக் கம்பளியைப் போத்தி நிக்க வெச்சிருக்கறீங்களே, பாவமில்லீங்களா?" என்று நாலு பேர் எதிரில் கேட்டவர். என் பிள்ளைகளின் பெயர்கள் கடைசி வரை அவர் மனதில் நிற்கவில்லை. என் நாய்களின் பெயர்களைத் தலைமுறை வரிசையில் சொல்லுவார். நல்ல வளர்ப்பவரை எப்படிக் கண்டுபிடிப்பது என்று யாராவது கேட்டால், "எப்பப் போனாலும் குட்டி இருக்கற ஊட்டுல வாங்காதீங்க. ஒரு கேள்வியும் கேக்காமக் குட்டியைக் கையில குடுக்கறவங்ககிட்டயும் வாங்காதீங்க" என்பார். நான் அதையே சொன்னால், நல்லம்மாள் அக்கா சொல்லுவாங்களே, அதுதானே என்பார்கள்.

அவர் போய் இரண்டு வாரம் ஆகியிருக்கும். மாந்தோப்புக்காரர் ஒருவர் என்னிடம் குட்டி கேட்டு வந்தார். உட்கார வைத்து மோர் கொடுத்தேன். தோப்பில் யார் இருப்பார்கள் என்று கேட்டேன். யாரும் இருக்கமாட்டார்கள், அதற்காகத்தான் நாய், காலையில் ஒரு ஆள் வந்து சோறு வைத்துவிட்டுப் போவான் என்றார். இல்லை என்று சொல்லிவிட்டேன். அவர் கோபமாக எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டே, "நல்லம்மாள் அக்கா இருந்திருந்தா குடுத்திருப்பாங்க" என்றார்.

பழைய எரிச்சல் மூண்டது. செத்துப்போனவர் மேல் பொறாமைப்படுகிற ஆள் நானாகத்தான் இருப்பேன். அக்கா கொடுத்திருக்கவே மாட்டார். இந்த ஆள் பேசி முடிக்குமுன்பே வாசலைக் காட்டியிருப்பார். அதை நான் மாந்தோப்புக்காரரிடம் சொல்லவில்லை. அக்காவிடமிருந்து என்னிடம் தங்கியது இந்த எரிச்சல்தான். அவர் இருந்தவரை அவருக்கு ஒரு படி கீழே இறங்கிவிடக் கூடாது என்று என்னை ஓட வைத்தது அது. இனியும் ஓட வைக்கும். குட்டி கேட்டு இனி யார் வந்தாலும் முதலில் தாயைக் கொண்டுவந்து அவர் எதிரில் நிறுத்துவேன். அவர் கையைப் பார்ப்பேன். பாராட்டு வழக்கம்போல நல்லம்மாளுக்குப் போகட்டும்.