மூன்று வியாழன் வராதவர்

பெண்கள் சங்கத்தில் சேருவதற்கு விண்ணப்பம் எதுவும் கிடையாது. வீட்டுக் கதவு திறந்திருந்தால் போதும். நான் சேர்ந்தது அப்படித்தான். உங்களில் யாராவது இப்படி ஏதாவது ஒரு சங்கத்தில் மாட்டிக்கொண்டு வாரா வாரம் பாயைச் சுருட்டிக் கொண்டிருந்தால், மேற்கொண்டு படிக்காமலே உங்களுக்கு எல்லாம் விளங்கிவிடும்.

சேர்ந்தது

மாற்றலாகி மதுரைக்கு வந்து, அலங்காநல்லூர் சாலையில் ஒரு காலனியில் வீடு பார்த்து, பால் காய்ச்சிய மூன்றாம் நாள். கதவைத் திறந்துவைத்து மின்விசிறி மாட்டிக் கொண்டிருந்தோம். சாந்தகுமாரி டீச்சர் உள்ளே வந்தார். தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் திருச்சபையின் பெண்கள் சங்கத்துக்குத் தலைவி. கூட வந்தவர் பாக்கியம் அக்கா. மாட்டுத்தாவணியில் பூக்கடை. கையில் ஒரு முழம் பிச்சிப்பூ இருந்தது, எனக்காக.

என்ன வேலை என்று டீச்சர் கேட்டார். பள்ளிக்கூடத்தில் கிளார்க் என்றேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சங்கத்துக்கு ஆறு மாதமாகச் செயலாளர் இல்லையாம். நான் சமையலறைக்குப் போய் காப்பி போட்டுக்கொண்டு வருவதற்குள் நோட்டில் என் பெயர் ஏறியிருந்தது. கொஞ்சம் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். பாக்கியம் அக்கா பூவை என் தலையில் வைத்துக்கொண்டே சொன்னார்: "யோசிக்கிறதுக்குத்தான் வியாழக்கிழமை கூட்டம் போடுறோம். அங்க வந்து யோசி."

சுண்டல் விதி

வியாழன் மாலை ஐந்தரைக்குக் கூட்டம். வாரம் ஒரு வீடு. ஒரு பாட்டு, ஒரு வேதபாடம், ஜெபம், பிறகு தெருச் சங்கதிகள். கூட்டம் நடக்கும் வீட்டில் சுண்டலும் டீயும் தரலாம். வேறு எதுவும் தரக்கூடாது.

இது எழுதிவைத்த விதி. ஒரு காலத்தில் ஒருவர் கேசரி கொடுத்தாராம். அடுத்த வாரத்துக்காரர் கேசரியோடு பஜ்ஜியும் சேர்த்தார். அதற்கடுத்த வீட்டில் இடியாப்பமும் பாயாவும். நாலாவது வீட்டுக்காரர் உடம்பு சரியில்லை என்று கதவைப் பூட்டிக்கொண்டு தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டார். அன்றைக்கு டீச்சர் போட்ட விதி. இதனால் போட்டி ஒழிந்தது என்று டீச்சர் நினைத்துக் கொண்டிருக்கிறார். உண்மையில் போட்டி முழுவதும் சுண்டலுக்குள் வந்து சேர்ந்துவிட்டது. வெந்த பதம், தேங்காய்ப் பூ, மாங்காய்த் துண்டு, தாளித்த கடுகு என்று ஒன்றையும் விடமாட்டார்கள். முதல் வாரம் நான் தெரியாமல் நன்றாக இருக்கிறது என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். பக்கத்திலிருந்த பாக்கியம் அக்கா என் முழங்காலைத் தட்டினார்: "போன வாரத்துக்காரி எதிர்த்தாப்ல உக்காந்திருக்கா. பாத்துப் பேசு."

மினிட்ஸ் நோட்டு

இனி என் குற்றத்துக்கு வருகிறேன். பதினெட்டு வருடமாக அலுவலகத்தில் நடந்ததை நடந்தபடி எழுதிப் பழகிய கை. சங்கத்திலும் அப்படியே எழுதினேன். யார் பாடினார், யார் ஜெபித்தார், யார் என்ன சொன்னார் எல்லாம். ஒரு வாரம் எழுதியதை மறு வாரம் கூட்டத்தில் எழுந்து நின்று வாசிக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாது.

நோட்டு என் கைக்கு வந்தது இரண்டாம் வாரம், கூட்டம் எமிலி அக்கா வீட்டில். ஐம்பத்தெட்டு வயது இருக்கும். அதிகம் பேசமாட்டார். பாட்டு மட்டும் நன்றாகப் பாடுவார். அன்று கூட்டத்தின் நடுவே நாலைந்து தடவை எழுந்து உள்ளே போய்விட்டு வந்தார். சுண்டலில் உப்பே இல்லை. யாரோ ஒருவர் அதை மெதுவாகச் சொன்னார். நான் எழுதிக்கொண்டேன்.

மறு வியாழன் வாசிக்கிறேன். "சுண்டலில் உப்பு இல்லை என்று உறுப்பினர்கள் கருத்துத் தெரிவித்தனர்." வாசித்து முடித்த பிறகுதான் அது என் காதில் விழுந்தது. எமிலி அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசிப் பாட்டு முடிந்ததும் டீ குடிக்காமல் கிளம்பிப் போனார். எல்லோரும் போன பிறகு பாக்கியம் அக்கா என்னிடம் வந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை. "உங்க ஆபீஸ்லயும் இப்படித்தான் எழுதுவியா? அங்க ஒன்னோட யாருமே சாப்பிட மாட்டாகளே," என்றார்.

இரண்டு வெற்றுக் கட்டங்கள்

அடுத்த வியாழன் எமிலி அக்கா வரவில்லை. அதற்கடுத்த வியாழனும் வரவில்லை. வருகை நோட்டில் அவர் பெயருக்கு நேரே இரண்டு கட்டங்கள் காலியாக இருந்தன.

சங்கத்தில் இன்னொரு விதி உண்டு. சொல்லாமல் தொடர்ந்து மூன்று வியாழன் வராதவர் பெயரை நோட்டிலிருந்து அடித்துவிட வேண்டும். அடிக்க வேண்டியவர் செயலாளர். பெயர் போனால் என்ன, குடியா முழுகிவிடும் என்று நீங்கள் நினைக்கலாம். எமிலி அக்காவின் ஒரே மகன் ஒமானில் இருக்கிறான். ஞாயிறு ஆராதனைக்குக்கூட அவர் வந்து நாளாகிறது. இந்த வியாழக்கிழமை ஒன்றுதான் அவர் வாசற்படி தாண்டும் நாள். அதையும் நான் ஒரு வரி எழுதிக் கெடுத்துவிட்டேன் என்று ராத்திரி படுத்தால் தூக்கம் வரவில்லை.

டீச்சரிடம் போய், என் தப்புக்கு அவரைத் தண்டிக்க வேண்டாம், இந்த ஒரு தடவை விதியைத் தளர்த்தலாமே என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபமில்லாமல்தான் சொன்னார்: "எங்கூடப் பொறந்தவ பேரையே இந்தக் கையால அடிச்சிருக்கேன். ரெண்டு வருஷம் எங்கிட்டப் பேசல. விதின்னா எல்லாருக்கும்தான்மா."

கேட்டுக்கு இந்தப் பக்கம்

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் நேரே எமிலி அக்கா வீட்டுக்குப் போனேன். கேட்டில் உள்பக்கமாகப் பூட்டு தொங்கியது. பகல் நாலரை மணிக்கு எதற்கு உள்பூட்டு என்று தோன்றியது. கூப்பிட்டதும் வந்தார். பூட்டைத் திறக்கவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். நொடிக்கொரு தரம் திரும்பி வீட்டைப் பார்த்துக்கொண்டார்.

மன்னிப்புக் கேட்டேன். உப்பைப் பற்றி எழுதியிருக்கக் கூடாது என்றேன். அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சிரித்துவிட்டார். உப்புப் போட்டாரா இல்லையா என்பதே அவருக்கு நினைவில்லையாம். அன்று சுண்டல் வேகும் நேரத்தில் சார் இரண்டு தடவை வெளியே போய்விட்டாராம்.

சார் என்றது அவர் கணவர் ஞானராஜை. மிஷன் பள்ளியில் முப்பது வருடம் பி.டி. வாத்தியார். ஓய்வு பெற்று ஒன்பது வருடமாகிறது. இப்போது ஒரு வருடமாக நினைவு தப்பிக்கொண்டே போகிறது. வெள்ளை கான்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டு, விசிலைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிடுகிறார். ஒருமுறை மேலூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து யாரோ ஆட்டோவில் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். அதிலிருந்து பூட்டு. கடைசியாக அவரை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுக் கூட்டத்துக்கு வந்திருக்கிறார். திரும்பிப் போய்ப் பார்த்தபோது கதவைத் தட்டித் தட்டி அவர் கை வீங்கியிருந்ததாம்.

சங்கத்தில் சொன்னால் யாராவது உதவுவார்களே என்றேன். எமிலி அக்கா கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். "இந்தத் தெருவுல பாதிப் பேரு அவருக்குப் பயந்து வளந்தவுக. அவுக வாயால அவரைப் பாவம்னு நான் கேக்கக்கூடாது."

மூன்றாவது வியாழன்

யாரிடமும் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். ஆனால் விதிப் புத்தகத்தை அன்று இரண்டு தடவை படித்தேன். கூட்டம் நடக்கும் வீட்டை மாற்றச் செயலாளருக்கு அதிகாரம் உண்டு என்று இருந்தது. அவர் வீட்டிலேயே கூட்டம் நடந்தால் அவரை வராதவர் என்று எப்படி எழுதுவது? அந்த வாரம் பாக்கியம் அக்கா முறை. மறுநாள் முகூர்த்தம், வீடு முழுக்கப் பூ, உட்கார இடமில்லை என்று அவரே சொல்லியிருந்தார். வியாழன் மதியம் சங்கத்து வாட்ஸப்பில் போட்டேன்: இன்று கூட்டம் எமிலி அக்கா வீட்டில். அவரைக் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வார்.

கேட்டைத் திறந்துவிடுவார் என்று நினைத்ததுதான் என் இரண்டாவது தப்பு. பதினான்கு பேர் வாசலில் நிற்கிறோம். பூட்டு அப்படியே இருந்தது. ஜன்னலில் திரை அசைந்தது, ஆள் வரவில்லை. பாக்கியம் அக்கா கொண்டியை ஆட்டி, சுண்டல் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, முகத்தைக் காட்டு என்று கூப்பிட்டுப் பார்த்தார். சாந்தகுமாரி டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஐந்தரை. தெருவிலேயே வேப்பமர நிழலில் ஜமுக்காளத்தை விரிக்கச் சொன்னார். வேதபாடம் வரைக்கும் ஆயிற்று. நான் வருகை நோட்டைத் திறந்து சிவப்புப் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்போது விசில் சத்தம். ஞானராஜ் சார் கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றார். வெள்ளைச் சட்டை, வெள்ளை ஷூ. முதலில் எழுந்து நின்றது பாக்கியம் அக்கா. எட்டாம் வகுப்பு வரை அவரிடம் படித்தவர். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் எழுந்தோம். ஏன் தெருவில் உட்கார்ந்திருக்கிறோம், வருகை எடுத்தாயிற்றா என்று சார் கேட்டார். இல்லை என்றேன். கம்பி வழியே கையை நீட்டினார். நோட்டைக் கொடுத்தேன், பேனாவையும்.

ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். தெளிவாக, நிறுத்தி, நிமிர்ந்து பார்த்து. பாக்கியம் அக்கா "உள்ளேன் ஐயா" என்றார். அதன்பின் வேறு எப்படிச் சொல்வது? எல்லோரும் அப்படியே சொன்னோம். சாந்தகுமாரி என்று கூப்பிட்டபோது டீச்சர் ஒரு கணம் தயங்கினார். இருபது வருடம் தலைமையாசிரியையாக இருந்தவர். பிறகு முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "உள்ளேன் ஐயா" என்றார்.

கடைசிப் பெயர் எமிலி. பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டார். பதில் இல்லை. எமிலி வரவில்லையா என்று எங்களைக் கேட்டார். பாக்கியம் அக்கா ஜன்னலைப் பார்த்தார். சார் பேனாவைக் கட்டத்தின் மேல் வைத்தபடி மூன்றாவது முறை கூப்பிட்டார். வீட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது, உடைந்து, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி: "உள்ளேன் ஐயா."

சார் கட்டத்தில் குறி போட்டார். "முதல் தடவையே சொல்லணும். வாத்தியாருக்கு எம்புட்டு வேலை கிடக்கு."

கணக்கில் வருவது

சாவியை எடுத்துக்கொண்டு எமிலி அக்கா வெளியே வந்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. பூட்டைத் திறந்தார். பாக்கியம் அக்கா ஒன்றும் கேட்காமல் ஜமுக்காளத்தைச் சுருட்டி உள்ளே கொண்டுபோய் முற்றத்தில் விரித்தார். கூட்டத்தின் மீதி அங்கே நடந்தது. பாவம் என்ற சொல்லை அன்று யாரும் சொல்லவில்லை, பின்னாலும் நான் கேட்டதில்லை. அவரைப் பார்த்த மாத்திரத்தில் எழுந்து நின்றவர்களுக்கு அது எப்படி வாயில் வரும்?

போகும்போது டீச்சரிடம் நோட்டை நீட்டினேன். வீட்டுக்குள்ளிருந்து சொன்னது செல்லுமா என்று கேட்கப் பயமாக இருந்தது. அவர் பதினைந்து குறிகளையும் விரலால் தடவிப் பார்த்தார். "பேரைக் கூப்பிட்டாரு, பதில் சொன்னா. வந்ததாத்தான் அர்த்தம்," என்றார்.

சனிக்கிழமை

இப்போது முறைவைத்து ஆளுக்கு ஒரு நாள் சாயங்காலம் இரண்டு மணி நேரம் சாருக்குத் துணையாக இருக்கிறோம். அந்த நேரத்தில் எமிலி அக்கா எங்கே வேண்டுமானாலும் போகலாம். என் முறை சனிக்கிழமை. முதல் சனிக்கிழமை அவருக்கு எங்கே போவதென்றே தெரியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டருகே நின்றார். கடைசியில் பாக்கியம் அக்காவோடு மாட்டுத்தாவணிக்குப் போய், பூக்கடையில் சும்மா உட்கார்ந்துவிட்டு வந்தார்.

நான் சாரோடு இருந்தேன். எந்த வகுப்பு என்று கேட்டார். ஆபீஸ் என்றேன். ஆபீஸ்காரர்களுக்கும் உடற்பயிற்சி உண்டு என்று முற்றத்தைச் சுற்றி நடக்க வைத்தார். லெஃப்ட், ரைட். நாலாவது சுற்றில் எமிலி அக்கா திரும்பி வந்து, கேட்டுக்கு வெளியிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சார் விசிலை வாயிலிருந்து எடுத்தார். மனைவியை அடையாளம் தெரிந்ததா தெரியவில்லை. என்னைக் காட்டி அவரிடம் சொன்னார்: "பிள்ளை நல்ல பிள்ளை. கால்தான் பேச்சுக் கேக்க மாட்டேங்குது."

சங்கத்தில் சேர்ந்ததால் என் பக்தி வளர்ந்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை, நாற்பத்தாறு வயதில் இடது எது வலது எது என்று மட்டும் உறுதியாகத் தெரிந்துவிட்டது.