ஆறு பாகத்தில் ஒரு வலை

மீனவர் பூவராகவனின் போட்டை வாடகைக்கு எடுத்த கவியா, நாவலூர் கடலாய்வு அலுவலகத்துப் பெண். கயிற்றில் கேமராவை இறக்கி, கடலடியில் எங்கே மணல், எங்கே பாறை, எங்கே பாசி என்று வீடியோ பிடித்து வரைபடம் போடுவது அவள் வேலை. நான்கு நாளாக மாமல்லபுரத்துக் கடலில் அவள் கை காட்டிய பக்கமெல்லாம் அவர் ஓட்டினார். சோறு கொடுத்தால் தின்றார். மகன் எழில் போன இந்த இரண்டு வருஷமாக மனுஷனுக்கு எதுவும் உறைப்பதில்லை.

ஐந்தாம் நாள் அவள் கேட்காமலே ஓர் இடத்துக்குப் போனார். கலங்கரை விளக்கமும் ஓட்டல் தண்ணீர்த் தொட்டியும் ஒரே கோட்டில் வந்ததும் இன்ஜினை அணைத்தார். மீன் தங்கும் பாறையைக் கண்டுபிடித்த எவனும் அந்த இடத்தைக் கூடப்பிறந்தவனுக்குக்கூடக் காட்ட மாட்டான். அவர் எழிலுக்கு மட்டும் காட்டியிருந்தார்.

இங்கேதான், ஆறு பாகம், அதாவது முப்பத்தாறு அடி ஆழத்தில், புது வலை பாறையில் மாட்டியது. எழில் இடுப்பில் கத்தியோடு குதிக்கப் போனபோது, "அறுத்துடாதடா, பொறுமையா எடு" என்றார். மூன்றாம் நாள் பிள்ளை பிணமாகக் கரை ஒதுங்கினான். ஆனால் ஊரிடமும் மனைவி மீனாட்சியிடமும், "அறுத்துட்டு மேல வாடான்னேன், கேக்கல" என்று சொல்லிவைத்தார். கோழைத்தனம்தான், வேறென்ன. இப்போது கீழே அந்த வலை அறுந்து கிடந்தால் போதும். பையன் அவர் பேச்சை மீறினான், அவர் சொல்லால் சாகவில்லை, நீரோட்டம்தான் கொண்டுபோனது என்று ஆகிவிடும்.

கவியா கேமராவை இறக்கினாள். திரையில் பாறை வந்தது.

"அண்ணா, வலை ஒண்ணு தெரியுது. பாசி மூடிப் போச்சு."

"எங்கனா அறுந்துகீதா, பாரும்மா."

கவியா கேமராவைச் சுற்றிலும் ஓட்டிப் பார்த்தாள். "எங்கயும் அறுபடலண்ணா. யாரோ பாதி வரைக்கும் பாறையிலேர்ந்து பிரிச்சு, பிரிச்சத சுருட்டி முடிச்சு போட்டிருக்காங்க. ரொம்ப நிதானமான கை."

அவர் அழவில்லை. அழுகை வருமா என்று பார்த்தார், வரவில்லை. இன்ஜினைக் கிளப்பினார்.

வீட்டில் மீனாட்சி தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே சுவரில் மாலையோடு தொங்கிய மகன் படத்தைப் பார்த்து வழக்கம்போல ஆரம்பித்தாள். "பெத்தவன் பேச்ச ஒருவாட்டி கேட்டிருந்தா இன்னிக்கு இப்டி தொங்குவியாடா?"

பூவராகவன் தட்டைத் தள்ளி வைத்தார்.

"அவன திட்டாத மீனாட்சி. கேட்டான். அறுக்காதன்னு சொன்னது நானு."