என் மகளுக்குப் போடாத ஊசி

மலர் மிஸ் காலமாகிவிட்டார்.

காலையில் செய்தி வந்தபோது நான் சலூன் கதிரையில். பாதி முகம் ஷேவ் எடுத்தபடி, கழுத்தில் துண்டோடு ரோட்டுக்கு வந்துவிட்டேன். “அண்ணை, மற்றப் பக்கம் கிடக்கு” என்று சலூன்காரர் கூப்பிட்ட பிறகுதான் விளங்கியது...

எங்கள் சல்லி ஊர் ஆட்களுக்கு அவரைத் தெரியும். ஸ்கூட்டியில் வருகிற எங்கள் மிட்வைஃப்.

என் மகளுக்கு ஐந்து வயதில் இரத்தப் புற்றுநோய். மருந்து ஏற்றி ஏற்றி உடம்பில் எதிர்ப்புச் சக்தியே இல்லை. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து ஊரில் சின்னமுத்து என்கிற தட்டம்மை. வந்தால் தாங்க மாட்டாள், தடுப்பூசியும் இப்போது போட முடியாது என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

மிஸ் வந்தார். ஒழுங்கையில் ஊசி தவறிய மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் போடப் போவதாகச் சொன்னார்.

நான் எட்டாம் வகுப்பு வரைதான் படித்தவன். கோபம் வந்துவிட்டது. “அவையள் சாப்பிட்டா என்ர பிள்ளைக்குப் பசி தீருமோ மிஸ்?”

“நடுவில உங்கட ஓலைக் கொட்டில். சுத்திவர எல்லாம் ஓட்டு வீடு. நெருப்பு எங்கால வரும்?”

யோசித்தேன். “வர ஏலாது...”

“அப்ப பேசாமல் பிள்ளையைப் பாருங்கோ.”

வீடு வீடாகப் போய்க் கிளினிக் கார்ட் பார்த்தார். அம்மாள் கோயில் பொங்கல் நாட்கள் அவை. சின்னமுத்தை அம்மாள் வருத்தம் என்கிற ஊர், அந்த நாளில் ஊசி போடுமா?

மூலை வீட்டு அக்கா படலையிலேயே மறித்தார். “பொங்கல் முடியட்டும் மிஸ். அம்மாள் கோவிப்பா.”

“விடியவே போய்க் கும்பிட்டுக் கேட்டிட்டன். ஓம் எண்டவா. பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ.”

அக்காவுக்கே சிரிப்பு. அடுத்த நாள் அவருடைய மூன்று பொடியன்மாரும் கிளினிக்கில் நின்று கத்தினார்கள்.

யாருக்காக இந்த அவசரம் என்று ஒரு வீட்டிலும் மிஸ் சொல்லவில்லை. நோயாளியின் கதை வெளியே போகக் கூடாதாம்.

சின்னமுத்து பக்கத்து ஊரோடு நின்றது. எங்கள் ஒழுங்கைக்குள் வரவில்லை. யாரோ பெற்ற பிள்ளைகளின் கையில் ஏறிய மருந்து, என் வீட்டு வாசலில் காவல் நின்றிருக்கிறது.

மகள் சுகமாகி, பதினெட்டு வயதில் இப்போது ஏ.எல். படிக்கிறாள்.

பின்னேரம் செத்த வீட்டுக்குப் போனேன். மூலை வீட்டுப் பொடியன்மார்தான் கதிரை தூக்கித் திரிந்தார்கள். மீசை வைத்த ஆட்கள் இப்போது. “இருங்கோ மாமா” என்று எனக்கும் ஒன்று போட்டார்கள்.

போய் வாருங்கள் மிஸ்.

இருந்தபடி மூவரையும் பார்த்தேன். மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

“மருமக்கள், அண்டைக்கு நீங்கள் கத்திக் கத்திப் போட்ட ஊசியிலதான் என்ர பிள்ளை இருக்கிறாள்.”