நாலு நாள் ஓடிய பைத்தியம்

இசக்கித்துரை சைக்கிளை உருட்டிக்கொண்டு தெற்கு ரத வீதிக்குள் வந்தால், டீக்கடையிலிருந்து யாராவது கூப்பிடுவார்கள். "அண்ணாச்சி, அந்த முழிய ஒருக்கப் போடும்." அவரும் ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, இரண்டு கண்ணையும் மூக்குப் பக்கம் செருகி, கழுத்தைக் கோழி மாதிரி ஒடித்துக் காட்டுவார். "போதுமா வே? தறி காத்துக் கெடக்கு" என்று நகர்ந்துவிடுவார்.

கெட்ட கனவு கண்டு கண்டே புத்தி பேதலித்துப் போகிறவனைப் பற்றி இங்கே ஒரு படம் எடுத்தார்கள். நடிக்க வந்தவர் வெயில் தாங்காமல் ஓடிவிட, விசைத்தறி மெக்கானிக்கான இவருக்கு அந்த வேஷம் விழுந்தது. படம் நாலு நாள் ஓடியது. தூக்கம் கெட்டவனின் கதைக்குப் பாதித் தியேட்டர் நன்றாகத் தூங்கியது. முழித்திருந்த மீதிப் பாதி நம்பிவிட்டது. வம்பு அங்கேதான்.

இசக்கித்துரைக்கு உண்மையிலேயே பைத்தியம் பிடித்திருந்தது, அதைத்தான் கேமராவில் பிடித்தார்கள், அப்புறம் குணமாகிவிட்டது என்று சுற்றுப்பட்டு ஊரெல்லாம் பேச்சு. பனவடலிசத்திரத்திலிருந்துகூட ஆள் வந்து என்ன மருந்து என்று கேட்டார்கள். அது நடிப்பு என்று கத்திப் பார்த்தார். குணமானவர்கள் அப்படித்தான் மறைப்பார்கள் என்றார்கள். ஒருநாள் மறுப்பதை விட்டுவிட்டு, வந்தவரைப் பஸ் ஏற்றி அரசு ஆஸ்பத்திரிக்கே கூட்டிப்போனார். இதுவரை பதினோரு பேர். வரிசையில் உட்கார்ந்து, கனவில் பாம்பு எந்தப் பக்கமாக வந்தது என்றுகூட விசாரிப்பார். டாக்டர் அவ்வளவு கேட்பதில்லை.

"வீட்டுல கேஸு சிலிண்டரு தீந்தது தெரியாது, ஊரான் கனவு பூரா தெரியும்" என்பாள் அவர் மனைவி முத்துத்தாய்.

பதினோராவது ஆள் தறிக்காரர் செல்லப்பா. கனவில் வந்தவர்கள் பகலிலும் கூப்பிடுகிறார்கள் என்று கிணற்றில் குதித்து, தூக்கி எடுக்கப்பட்டவர். யார் மாத்திரை கொடுத்தாலும் விஷம் என்று துப்பிவிடுவார். தினமும் காலையில் மாத்திரை அட்டையோடு இசக்கித்துரையிடம் வந்து நிற்பார். "அண்ணாச்சி, நீங்களும் இதத்தான தின்னிய?" ஆமாம் என்றால்தான் உள்ளே இறங்கும்.

போன வெள்ளிக்கிழமை காலை, மகள் பொன்மணியைப் பெண் பார்க்க ராயகிரியிலிருந்து வந்திருந்தார்கள். பொன்மணிக்கும் பையனைப் பிடித்திருந்தது. காப்பி குடித்த பிறகு பையனின் அப்பா ராமசுப்பு மென்று விழுங்கிக் கேட்டார். "ஊருல ஒரு மாதிரி பேசுதாவ. அது நடிச்சதா, இல்ல நெசமாவே உங்களுக்கு...?"

நடிப்பு என்ற ஒரு சொல்லில் கல்யாணம் உறுதியாகிவிடும். முத்துத்தாய் அந்தச் சொல்லுக்காகப் புருஷன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில், மாத்திரை அட்டையோடு செல்லப்பாவும் அதே வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இசக்கித்துரை மகளைப் பார்த்தார்.

"நெசந்தான் அண்ணாச்சி. மாத்திர தின்னுதான் சரியாச்சு."

எழுந்துபோய், செல்லப்பாவின் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, ராமசுப்புக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தார். அட்டையில் ஒன்றை அமுக்கி எடுத்து செல்லப்பாவின் உள்ளங்கையில் வைத்தார். மாப்பிள்ளை வீட்டாருக்கென்று எடுத்து வைத்திருந்த புது எவர்சில்வர் தம்ளரில் தண்ணீர் ஊற்றி நீட்டினார்.