அக்காவின் ஆங்கிலத்துக்கு ம் கொட்டினேன்

பத்து காவான் ஊர்த் தொழிற்சாலைக்கு முதுகைக் காட்டி நடந்துகொண்டிருந்தேன். ஒப்பந்தம் முடிந்தது என்றார்கள். அன்றே ஹாஸ்டல் கட்டிலும் போயிற்று. இது எனக்குப் புதிதல்ல. பஸ் பிடித்து, கடற்பாலம் தாண்டித் தீவுக்கு வந்து, ஜெலுத்தோங் அடுக்குமாடியில் முன்பு எனக்கு அறை கொடுத்திருந்த அக்காவின் கதவைத் தட்டினேன்.

சந்தைப் பக்கம் வடைக்கடை போடுபவர். "மறுபடியும் வேலை போச்சா தம்பி? வா, சாப்பிடு. நாளைக்கு எனக்குப் பரீட்சைலா" என்றார்.

ஒரு கிளினிக்கில் குமாஸ்தா வேலைக்கான பரீட்சை. தன்னைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதிக்காட்ட வேண்டும். எண்ணெய்ச்சட்டி முன் நின்று நின்று அவருக்குக் கால் நரம்பெல்லாம் சுருண்டுவிட்டது. உட்கார்ந்து செய்யும் வேலை கிடைத்தால்தான் உண்டு.

எழுதிப் பழகியதைப் படித்தார். நான் பள்ளியைப் பாதியில் விட்டவன். தொழிற்சாலைகளில் பொறுக்கிய ஆங்கிலம் காதுக்குப் போதும். கதை கேட்பதுபோல ம் கொட்டினேன்.

"வென் மை ஹஸ்பண்ட் பாஸ்ட் அவே." நிறுத்தினார்.

"அப்புறம்?"

"என்ன அப்புறம்? புள்ளி வச்சாச்சு."

"நீங்க வச்சீங்க. நான் காத்துக்கிட்டுல்ல இருக்கேன்."

பக்கத்தில் வைத்திருந்த ஆங்கிலப் பாடநூலைப் புரட்டினார். வென், பிகாஸ், இஃப் என்று தொடங்கும் துண்டு தனியாக நிற்காது, இன்னொன்றில் சாய வேண்டும் என்றிருந்தது. தமிழிலும் 'அவர் செத்தபோது' என்று சொல்லிவிட்டு யாரும் எழுந்து போவதில்லையே. "ஐ ஸ்டார்ட்டட் த ஸ்டால்" என்று சேர்த்தார். எனக்கு ம் வந்தது.

மறுபடி தப்பாகிவிடுமோ என்ற பயத்தில் அடுத்த வாக்கியமெல்லாம் குட்டை. ஐ ஃப்ரை வடை. ஐ செல் வடை. ஐ கோ ஹோம்.

"சூப்பர்வைசர் ஏசுற மாதிரி இருக்குக்கா."

சிரித்து, எல்லாவற்றையும் 'அண்ட்' போட்டுக் கோத்தார். எனக்கு மூச்சு முட்டியது. பிறகு குட்டையாக ஒன்று, இரண்டை இணைத்து ஒன்று, சாய்ந்து நிற்பது ஒன்று எனக் கலந்து எழுதினார். படித்தபோது அவர் பேசுவதுபோலவே இருந்தது.

"எழுதி என்ன? போறதா வேணாமான்னு இருக்கு. கடையைப் பூட்டினா ஆளுங்க பக்கத்துக் கடைக்குப் போயிருவாங்க. வேலை கிடைக்கலைன்னா அந்தக் கடைதானே சோறு?"

"நான் நிக்கிறேன்."

"உனக்கு வடை சுடத் தெரியுமா?"

"திருப்பத் தெரியும்."

மறுநாள் காலை மாவை ஆட்டித் தந்துவிட்டு அவர் பஸ் ஏறினார். நான் ஏப்ரனைக் கட்டிக்கொண்டேன். முதல் வடையில் ஓட்டை விழவில்லை. "அக்கா எங்கே?" என்று கேட்டவரிடம், "பரீட்சை எழுதப் போயிருக்காங்க அண்ணே" என்று சொல்லி, அதையே பொட்டலம் கட்டிக் கொடுத்தேன்.